பிரிந்தோரும் இருப்போரும்: வேப்பம்பட்டுப் பகுதிப் புலம்பெயர் தொழிலாளரின் ஊரில் தங்கிய வளரிளம் பருவத்தினர் உளநலம்

ஆய்வுச் சுருக்கம்

சென்னையின் மேற்குப் புறநகரான வேப்பம்பட்டும் அதனைச் சூழ்ந்த திருவள்ளூர் மாவட்டப் பகுதிகளும் புலம்பெயர் தொழிலாளரை ஈர்க்கும் வேலைக்களங்களாக விளங்குகின்றன. இங்கு வந்து உழைப்போரைப் பற்றிய ஆய்வுகள் உண்டு. அவர்கள் ஊரில் விட்டுவந்த பதின்பருவப் பிள்ளைகளின் உளநலம் இவ்வாய்வுகளில் அரிதாகவே இடம்பெறுகிறது. பெற்றோரின் பிரிவு மட்டுமே இப்பிள்ளைகளின் உளநலத்தைத் தீர்மானிப்பதில்லை. உடனிருந்து பேணுபவர் யார், திரும்பிவரும் நாள் உறுதியானதா, இடைப்பட்ட காலத்தில் தொடர்பு நிலைக்கிறதா என்னும் மூன்றும் அதனைத் தீர்மானிக்கின்றன. இவற்றுள் பின்னிரண்டும் பெருமளவு பெற்றோரின் வேலைக்களத்திலேயே முடிவாகின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: புலம்பெயர்வு, வளரிளம் பருவம், உளநலம், பாலை, செங்கல் சூளை, திருவள்ளூர் மாவட்டம்.

1. முன்னுரை

சென்னை – அரக்கோணம் இருப்புப்பாதையில் திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் இடையில் அமைந்தது வேப்பம்பட்டு. இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை 1856ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி ஓடியது இவ்வழியில்தான். பாதையின் கிழக்கே ஆவடியும் அம்பத்தூரும் உள்ளன. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் 1960களில் நிறுவப்பட்டபின், இப்பகுதி தொழிலாளர் குடியேறும் புறநகர்ப் பட்டையாக வளர்ந்தது. தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்து வந்தோர் முதலில் குடியேறினர். அண்மைப் பத்தாண்டுகளில் ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், அசாம் முதலிய மாநிலத்தவரும் கட்டுமானம், சிறுதொழிற்கூடம், கிடங்கு ஆகியவற்றில் பணிபுரிய வந்துள்ளனர். திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா, களாஹாண்டி மாவட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் குடும்பங்கள் வருகின்றன.

இவ்வாறு வருவோர் அனைவரும் பிள்ளைகளுடன் வருவதில்லை. கைக்குழந்தையும் சிறுவரும் பெற்றோருடன் வர, பள்ளியில் படிக்கும் பதின்பருவப் பிள்ளைகள் தாத்தா, பாட்டி அல்லது உறவினர் பொறுப்பில் ஊரிலேயே தங்கிவிடுவது பரவலான வழக்கம். இவர்கள் வாழும் இடம் ஓரிடமாகவும், இவர்களது வாழ்வை நடத்தும் வருவாயும் முடிவுகளும் பிறக்குமிடம் வேப்பம்பட்டு போன்ற வேறோரிடமாகவும் உள்ளன. இவ்விரண்டையும் ஒருசேரக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பெயரும் வரையறையும்

உலகச் சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவம் என வரையறுக்கிறது. புலம்பெயர்வதற்கும் புலம்பெயர்ந்தோர்க்கும் தமிழில் நிலைபெற்ற சொற்கள் உள்ளன. அவர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகளைக் குறிக்க அவ்வாறு நிலைபெற்ற சொல் இல்லை. வழங்கிவரும் தொடர்கள் ஒவ்வொன்றும் ஒரு குறையுடையது. ‘கைவிடப்பட்ட’ என்பது பொருந்தாது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் அதற்கு முறையான விசாரணைக்குப் பின் அறிவிக்கப்படும் தனிப்பொருள் உண்டு. ‘பெற்றோர் பிரிந்த’ என்றால் மணமுறிவு எனப் பொருள்படும். ‘விட்டுச்செல்லப்பட்ட’ என்னும் தொடர் பிழைப்புக்காகச் சென்ற பெற்றோர் மீது பழியை ஏற்றுகிறது. எனவே இக்கட்டுரை ‘ஊரில் தங்கிய’ என்னும் தொடரைக் கையாள்கிறது.

பெயரும் வரையறையும் வெறும் சொல்லாராய்ச்சியைச் சார்ந்தவை அல்ல என்பதற்குச் சீனா சான்றாகிறது. பெற்றோருள் ஒருவரேனும் வெளியூர் சென்ற, 18 வயதுக்குட்பட்ட நாட்டுப்புறச் சிறாரைக் கணக்கிட்டபோது, 2013இல் வெளியான அறிக்கையில் அத்தொகை சுமார் 6.1 கோடியாக இருந்தது. 2015 ஜூனில் குய்சோ மாகாணத்தில் பெற்றோர் உடனில்லாமல் வாழ்ந்த நான்கு உடன்பிறந்தோர் இறந்த நிகழ்வு நாட்டையே உலுக்கியது. அதற்கு அடுத்த ஆண்டு அந்நாட்டு அரசு புதிய கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. 16 வயதுக்குட்பட்டோர், பெற்றோர் இருவரும் வெளியே இருப்போர் அல்லது ஒருவர் வெளியே இருக்க மற்றவர் பேணும் ஆற்றலற்றவராக உள்ளோர் என வரையறை சுருங்கியது. புதிய கணக்கில் தொகை சுமார் 90 இலட்சமானது. இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு வரையறை மாற்றமே முதன்மைக் காரணம்.

இந்தியாவில் இச்சிறாரைத் தனிவகையாகக் கொண்ட கணக்கெடுப்பு மரபு உருவாகவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 45 கோடிக்கும் மேற்பட்ட புலம்பெயர்ந்தோரைப் பதிவு செய்தது. அக்கணக்கு இடம்மாறியவரை எண்ணுவது. இடம்மாறாது இருந்தவர் அதன் பொருளல்லர். தேசிய மாதிரி ஆய்வின் 64ஆவது சுற்று (2007–08), ஒரு மாதம் முதல் ஆறு மாதத்துக்குட்பட்ட காலம் வேலைக்காக வெளியே தங்கியோரைக் குறுகியகாலப் புலம்பெயர்ந்தோர் எனக் கொண்டது. மழைக்காலம் முடிந்து தொடங்கிக் கோடை முடியும்வரை நீளும் சூளைப் பருவம் ஏறத்தாழ ஆறு மாதம் கொண்டது. சில ஆண்டுகளில் அதனினும் மிகும். ஆகவே சூளைத் தொழிலாளர் இவ்வரையறையின் விளிம்பில் நிற்கின்றனர். பெற்றோரே கணக்கின் விளிம்பில் நிற்கும்போது அவர்தம் பிள்ளைகள் கணக்கிற்குள் வருவது அரிது.

3. அகமரபில் பிரிதலும் இருத்தலும்

பிரிவைப் பற்றிச் சிந்தித்த மரபுகளுள் தமிழ் அகமரபு தொன்மையானது. தொல்காப்பியம் பிரிதலைப் பாலைக்கும், இருத்தலை முல்லைக்கும் உரிப்பொருளாக வகுக்கிறது. ஓதல், தூது, பகை, பொருள் முதலிய பிரிவின் காரணங்களைப் பகுத்துரைக்கிறது. கடல்வழிச் செல்வோர் மகளிரொடு செல்லும் வழக்கமில்லை என்பதையும் குறிப்பிடுகிறது. தொழில் தேடிச் செல்வோர் குடும்பத்தை ஊரில் நிறுத்திச் செல்லும் வழக்கை நோக்கும் எவர்க்கும் பொருள்வயிற் பிரிவு என்னும் துறை நினைவுக்கு வரும்.

இம்மரபில் யாருக்குக் குரல் உண்டு என்பது கருதத்தக்கது. தலைவன், தலைவி, தோழி ஆகியோர் பேசுகின்றனர். உடன்போக்கில் மகளை இழந்து வீட்டில் தங்கிய நற்றாயும் செவிலியும் பேசுகின்றனர். ஐங்குறுநூற்றில் மகட்போக்கிய தாயின் இரக்கத்துக்கென ஒரு பத்தே உண்டு. அதாவது, பிள்ளை பிரிந்து செல்லத் தங்கிய பெற்றோர்க்கு இலக்கியக் குரல் வாய்த்துள்ளது. பெற்றோர் பிரிந்து செல்லத் தங்கிய பிள்ளைக்கு அது வாய்க்கவில்லை. அகநானூற்றின் ஐந்தாம் பாடலில் புதல்வன் வருகிறான். பொருள்வயிற் பிரியக் கருதும் தலைவன் தன் மனைவி புதல்வனை அணைத்து நிற்கும் காட்சியைக் கண்டு செலவு தவிர்கிறான். அங்கும் புதல்வன் தாயின் துயரை வெளிப்படுத்தும் நிலைக்களனாக நிற்கிறானேயன்றித் தன் உள்ளம் உரைப்பவனல்லன்.

இதனைச் சங்கப் புலவர்தம் குறையாகக் கருதுதல் முறையன்று. காதலைப் பொருளாகக் கொண்ட அகத்துறைகளின் அமைப்பு அது. எனினும் பிரிவைத் துய்ப்பவர் பெரியவரே என்னும் எண்ணம் இன்றைய சமூகத்திலும் தொடர்வது கவனத்துக்குரியது. பிள்ளைக்குப் பணம் வருகிறது, பள்ளிக்குப் போகிறது, ஆகவே குறையில்லை என்னும் முடிவு அவ்வெண்ணத்தின் விளைவாகும்.

4. சான்றுகள் காட்டுவன

ஃபெல்மெத்தும் பிறரும் 2018இல் லான்செட் இதழில் வெளியிட்ட தொகுப்பாய்வு 111 ஆய்வுகளையும் 2,64,967 சிறார், வளரிளம் பருவத்தினர் தரவுகளையும் உள்ளடக்கியது. பெற்றோர் புலம்பெயராத பிள்ளைகளோடு ஒப்பிடுகையில், ஊரில் தங்கிய பிள்ளைகளுக்கு மனச்சோர்வு ஏற்படும் இடர் 1.52 மடங்காகவும், பதற்றநோய் இடர் 1.85 மடங்காகவும், தற்கொலை எண்ண இடர் 1.70 மடங்காகவும் இருந்தன. இவ்வாய்வுகளுள் 91 சீனாவில் நிகழ்ந்தவை. ஆகவே இவ்வெண்களைத் தமிழகத்துக்கோ ஒடிசாவுக்கோ அப்படியே பொருத்துதல் கூடாது.

தெற்காசியச் சூழலுக்கு நெருக்கமானது இலங்கைச் சான்று. விக்கிரமகேயும் பிறரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, பெற்றோர் வெளிநாடு சென்ற பிள்ளைகளுள் ஏறத்தாழ ஐவரில் இருவருக்கு உளநலச் சிக்கல் இருந்ததைக் காட்டியது. வீட்டுப் பணிப்பெண்களாக வளைகுடா சென்ற தாய்மாரைக் கருதி இலங்கை அரசு 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை முறையைக் கொண்டுவந்தது. 5 வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய் செல்வதற்கு அம்முறை தடை விதித்தது. தாய்மார் மீது மட்டும் சுமத்தப்பட்ட இத்தடை மழலையரையே முதன்மையாகக் கருதியது. வளரிளம் பருவத்தினரின் தேவை அதில் பின்னிலை பெற்றது.

தென்கிழக்காசியச் சான்று வேறொரு பாடம் கற்பிக்கிறது. கிரஹாமும் ஜோர்டனும் 2011இல் இந்தோனேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளை ஒப்பிட்டனர். தந்தை புலம்பெயர்ந்த பிள்ளைகளின் உளநலம் முதலிரு நாடுகளில் குறைந்து காணப்பட்டது. பின்னிரு நாடுகளில் அவ்வாறு காணப்படவில்லை. பிரிவு ஒன்றாயினும் விளைவு நாட்டுக்கு நாடு மாறுமெனில், பிரிவுக்கும் விளைவுக்கும் இடையில் நிற்கும் கூறுகளை ஆராய்தல் வேண்டும்.

5. இடைநிற்கும் மூன்று கூறுகள்

தாயன்பை இழத்தலும் குழந்தையின் உளநலமும் பற்றி ஜான் பௌல்பி 1951இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்கு அளித்த அறிக்கை, பிரிவின் தீங்கை வலியுறுத்தியது. மைக்கேல் ரட்டர் 1972இல் அக்கருத்தை மீளாய்வு செய்தார். பிரிவு என்னும் ஒற்றைச் சொல்லுள் பல வேறுபட்ட நிலைகள் அடங்கியிருப்பதையும், குடும்பப் பூசல், பேணுதலின் தரம் ஆகியவற்றைத் தனித்துக் காணவேண்டுவதையும் அவர் சுட்டினார். இதனை அடியொற்றி மூன்று கூறுகளைப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, பேணுபவர். தாத்தா பாட்டியிடம் வளர்வது தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதன்று. முதியோர் உடல்நலம் குன்றும்போது பேணல் தலைகீழாகிறது. மூத்த பெண் சமைக்கிறாள். தம்பி தங்கையரைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறாள். ஊராரிடம் ‘பொறுப்பான பெண்’ எனப் பெயரெடுக்கும் இவளது சோர்வு, பாராட்டின் காரணமாகவே வெளியில் தெரிவதில்லை.

இரண்டாவது, மீள்வின் உறுதி. உடலால் அருகில் இல்லாது, உள்ளத்தால் எப்போதும் உடனிருப்பவரை எண்ணி வாழும் நிலையைப் பாலின் பாஸ் ‘தெளிவற்ற இழப்பு’ என்னும் கருத்தாக்கத்தால் விளக்கினார். இறப்புக்குச் சடங்கு உண்டு. துயர் ஆற்றும் முறை உண்டு. இன்ன நாளில் வருவார் என்று சொல்லமுடியாத பிரிவுக்கு அவை இல்லை. நாள் குறித்துக் காத்திருத்தல் தாங்கக்கூடியது. குறித்த நாள் தள்ளிக்கொண்டே போகும்போது பிள்ளை சினம் கொள்கிறது. பின் எதிர்பார்ப்பதையே நிறுத்திக்கொள்கிறது. இந்நிலையைப் பெரியவர்கள் பக்குவம் எனத் தவறாகக் கொள்வதுண்டு.

மூன்றாவது, தொடர்பு. கைப்பேசி பிரிவைக் குறைத்துள்ளது என்பது உண்மை. எனினும் ‘சாப்பிட்டாயா, படித்தாயா, பணம் வந்ததா’ என்னும் மூன்று வினாக்களுக்குள் உரையாடல் முடிவது இயல்பு. பெற்றோர் தம் வேலைத் துன்பத்தை மறைக்கின்றனர்; பிள்ளைகள் தம் மனத்துன்பத்தை மறைக்கின்றனர். இருபுறமும் அன்பினால் நிகழும் இம்மறைப்பே உதவி வந்து சேர்வதைத் தாமதப்படுத்துகிறது.

துயரை உரைக்கும் மொழியும் இங்குக் கருதத்தக்கது. ‘மனச்சோர்வு’ என்னும் கலைச்சொல்லைப் பதின்பருவத்தினர் தம் பேச்சில் ஆள்வது குறைவு. ‘மனசு சரியில்லை’, ‘நெஞ்சு பாரமா இருக்கு’, ‘ஒண்ணுமே பிடிக்கல’ என்பனவும், தலைவலி, வயிற்றுவலி, தூக்கமின்மை என்பனவுமே வெளிப்படுகின்றன. இராபர்ட் குட்மன் 1997இல் அறிமுகப்படுத்திய 25 கூற்றுகள் கொண்ட வினாநிரல் உலகெங்கும் பயன்படுகிறது. அத்தகைய கருவிகளை மொழிபெயர்ப்பதோடு அமையாது, வட்டார வழக்கில் துயர் வெளிப்படும் முறையைத் தொகுத்து அவற்றோடு இணைப்பது தமிழாய்வாளர் ஆற்றத்தக்க பணியாகும்.

6. வேலைக்களத்தின் பங்கு

மேற்கூறிய மூன்றனுள் முதற்கூறு ஊரில் அமைவது. ஏனைய இரண்டும் வேலைக்களத்தில் அமைவதைத் திருவள்ளூர் மாவட்டச் சூளைத் தொழிலின் நடைமுறை தெளிவாக்கும். மேற்கு ஒடிசாவில் நுவாகாய் என்னும் புத்தரிசித் திருநாள் ஆகஸ்ட் – செப்டம்பரில் வருகிறது. அதன்பின் சர்தார் எனப்படும் தரகர் வழியாக முன்பணம் வழங்கப்படுகிறது. முன்பணம் பெற்ற குடும்பம் காண்டாபாஞ்சி போன்ற நிலையங்களில் தொடர்வண்டி ஏறி வருகிறது. கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு எனக் கணக்கிடப்படுகிறது. வாரந்தோறும் உணவுச்செலவுக்கு மட்டும் ஒரு தொகை தரப்படுகிறது. மொத்தக் கணக்குப் பருவ முடிவில் தீர்க்கப்படுகிறது. கடன் தீருமளவு கல் அறுக்காதவர் ஊர் திரும்பும் நாளைத் தாமே முடிவுசெய்ய இயலாது. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் இம்மாவட்டச் சூளைகளிலிருந்து தொழிலாளர் மீட்கப்பட்ட நிகழ்வுகள் உண்டு.

இந்நடைமுறையைப் பலாங்கீரில் தங்கிய பதினைந்து வயது மாணவியின் பார்வையில் நோக்கினால் அதன் பொருள் மாறும். பெற்றோர் வரும் நாள் சூளையின் கணக்கேட்டில் உள்ளது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடைபெறும் மாதங்கள் சூளைப் பருவத்துக்குள் அடங்குகின்றன. கல் அறுக்கும் வேலை விடியுமுன் தொடங்குவதால், அவள் பள்ளியிலிருந்து திரும்பும் மாலைவேளையில் பெற்றோர் களைத்திருப்பர். ஒடிசா அரசு இத்தகைய பிள்ளைகளுக்கெனப் பருவகால விடுதிகளை நடத்திவருகிறது. அவை பள்ளி இடைநிற்றலைத் தடுக்கும் நோக்கில் அமைந்தவை. உணவும் உறைவிடமும் கல்வியும் தரும் அவ்விடுதி பெற்றோர் எப்போது வருவர் என்னும் வினாவுக்கு விடை தர இயலாது. அவ்விடை திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. 2020 மார்ச்சு 25 முதல் நாடு முடக்கப்பட்டபோது இவ்வுண்மை வெளிப்பட்டது. மே 1 முதல் தொழிலாளர்க்கான சிறப்புத் தொடர்வண்டிகள் இயங்கும்வரை, இரு மாநிலத்திலும் இருந்தோர் மற்றவரை அடையும் நாளைச் சொல்ல இயலாதிருந்தனர்.

தொழிற்கூடங்களிலும் கட்டுமானத்திலும் பணியாற்றும் ஒப்பந்தத் தொழிலாளர் நிலை முன்பணத்தால் கட்டுண்டதன்று. எனினும் விடுப்பெடுத்தால் கூலியில்லை என்னும் நிலை மீள்வைத் தள்ளிப்போடச் செய்கிறது. இப்புறநகரிலிருந்தே வெளிநாடு சென்றோரின் பிள்ளைகளும் உள்ளனர். இருதயராஜனும் பிறரும் 2015இல் மேற்கொண்ட தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, தமிழகத்திலிருந்து வெளிநாடு சென்றோரை ஏறத்தாழ 22 இலட்சம் என மதிப்பிட்டது. ஆகவே வேப்பம்பட்டுப் பகுதிப் பள்ளியொன்றில், தந்தை துபாயிலிருக்கும் மாணவனும், ஒடிசாவில் மூத்த பிள்ளையை விட்டுவந்தவரின் இளைய பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்ந்திருத்தல் கூடும். பிரிவின் இரு முனைகளும் ஓரிடத்தில் சந்திக்கும் இப்பகுதி இப்பொருளை ஆராய்தற்கு ஏற்ற களமாகும்.

7. செய்யத்தக்கன

நடைமுறையில் உள்ள ஏற்பாடுகள் சில. தேசிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டம் 2014இல் தொடங்கியபோதே உளநலத்தைத் தன் கூறுகளுள் ஒன்றாகக் கொண்டது. சிறார் உதவி எண் 1098 உள்ளது. 2022 அக்டோபர் 10 முதல் டெலி மானஸ் என்னும் தொலைபேசி உளநலச் சேவை 14416 என்னும் எண்ணில் பல இந்திய மொழிகளில் கிடைக்கிறது. இவை அனைத்தும் துயருற்றவரே முன்வந்து அழைப்பார் என்னும் எதிர்பார்ப்பில் இயங்குகின்றன. மறைத்தலே அன்பெனக் கொண்ட பிள்ளை தானாக அழைப்பது அரிதாகலின், கீழ்க்காண்பன தேவைப்படுகின்றன.

முதலாவதாக, பள்ளிச் சேர்க்கைப் பதிவில் பெற்றோர் பெயர், தொழில் ஆகியவற்றோடு, பிள்ளை தற்போது யாருடன் வாழ்கிறது, பெற்றோர் எங்குள்ளனர், எப்போது திரும்புவர் என்பனவும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுதல் வேண்டும். இப்பதிவு ஆசிரியரின் கவனத்துக்கு மட்டும் உரியதாக அமைதல் வேண்டும். வகுப்பில் அறிவிக்கப்பட்டால் அதுவே இழிவாகும்.

இரண்டாவதாக, வேலைக்கமர்த்தும்போதே கணக்குத் தீர்க்கும் நாள் எழுத்தில் தரப்படுதல் வேண்டும். மாநிலம்விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர்க்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம் பயணப்படிக்கு வகைசெய்தது. அதனை உள்வாங்கிய 2020ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் சொந்த ஊர் சென்றுவரும் பயணச்செலவை வேலையளிப்பவர் பொறுப்பாக்குகிறது. தொழிலாளர் உரிமை எனக் கருதப்படும் இவ்விதி, பிள்ளையின் உளநலத்துக்கான விதியாகவும் உணரப்படுதல் வேண்டும். பொதுத்தேர்வுக் காலத்தில் பெற்றோருள் ஒருவரேனும் ஊர் சென்றுவர இதன்வழி இடமுண்டு.

மூன்றாவதாக, வேலைக்களங்களில் நடத்தப்படும் மருத்துவ முகாம்களில் பெற்றோரிடம் ஊரில் தங்கிய பிள்ளைகளைப் பற்றியும் வினவுதல் வேண்டும். தூக்கம், உணவு, பள்ளி வருகை, பேச்சில் ஏற்படும் மாற்றம் ஆகியவற்றைத் தொலைபேசி வழியே உணரும் முறையைப் பெற்றோர்க்கு அவரவர் தாய்மொழியில் கற்பித்தல் பயன்தரும்.

8. முடிவுரை

ஊரில் தங்கிய வளரிளம் பருவத்தினரின் உளநலத்தை அவர் வாழும் ஊரின் சிக்கலாக மட்டும் காணும் பார்வை நிறைவற்றது. பேணுதல் ஊரில் நிகழினும், மீள்வின் உறுதியும் தொடர்பின் வாய்ப்பும் வேலைக்களத்தில் உருவாகின்றன. ஆகவே வேப்பம்பட்டில் கூலி எப்போது தீர்க்கப்படுகிறது, விடுப்பு எவ்வாறு தரப்படுகிறது என்பன தொலைவில் உள்ள ஒரு பிள்ளையின் தூக்கத்தோடு தொடர்புடையவை. பெற்றோரைப் புலம்பெயர வேண்டாம் எனத் தடுப்பது தீர்வாகாது. பிரிவை அளவுடையதாகவும் நாளறிந்ததாகவும் ஆக்குவதே இயலக்கூடிய தீர்வு. பிரிவை இலக்கணப்படுத்திய தமிழ்மரபு பிள்ளையின் குரலுக்குத் துறை வகுக்கவில்லை. அக்குரலை வட்டார வழக்கோடும் ஒடியா முதலிய பிறமொழிப் பேச்சோடும் தொகுக்கும் களப்பணி இனித் தொடங்கப்படுதல் வேண்டும். அத்தொகுப்பே உளநலக் கருவிகளுக்கும் அரசின் பதிவுகளுக்கும் அடிப்படையாக அமையும்.